கருவிக்குச் சோதனை உண்டு, விமானிக்கு?

எருத்தேன்பதித் தென்னந்தோப்பில் நிற்கும்போது, மேகம் மூடிய நாளில் விமானத்தின் சத்தம் மட்டும் கேட்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் எப்படி ஓட்டுகிறார்கள் என்று அன்பர்கள் கேட்பதுண்டு.

எதிரே உள்ள கருவிகளை நம்பித்தான். அவற்றில் ஒன்று வி.ஓ.ஆர். தரை நிலையத்தின் வானொலி அலையைப் பிடித்து, அந்த நிலையத்திலிருந்து விமானம் எந்தத் திசையில் இருக்கிறது என்று இது காட்டும். மேகத்துக்குள் இதை நம்பிப் பறப்பதற்கு, முந்தைய 30 நாட்களுக்குள் சோதித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. தரையில் சோதித்தால் 4 டிகிரி, வானில் என்றால் 6 டிகிரி வரை பிழை இருக்கலாம். தேதி, இடம், பிழை எல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 4 டிகிரி என்ன பிரமாதம் என்று தோன்றும். 60 மைலுக்கு அப்பால் அது ஏறக்குறைய 4 மைல் விலகல்! நம் ஆனைமலைப் பக்கம் 4 மைல் விலகினால் என்ன ஆகும்?

கருவிக்கு இவ்வளவு கண்டிப்பு. அதைப் பார்க்கிறவருக்கு?

மேகத்துக்குள் காது பொய் சொல்லும். விமானம் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால், உட்செவிக்குச் சற்று நேரத்தில் நேராகப் போவதாகவே படும். கருவியை நம்பு, காதை நம்பாதே என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். களைப்பும் மருந்தும்தான் பெரிய தொல்லை. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் மாண்ட விபத்தில், கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார். தூக்கக் கலக்கம் தெளியாமலே இறங்கியிருக்கலாம் என்றது விசாரணை.

2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு விபத்து நமக்கு இன்னும் அருகில். கொட்டும் மழை. வானொலிக் கருவியின் துணையோடுதான் இறங்கினார்கள். ஆனால் ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மீண்டும் மேலே எழும்பச் சொன்ன துணை விமானியின் குரல் எடுபடவில்லை. 21 பேர் மாண்டனர். விதிமுறையை மீறி இறங்கியதே முக்கியக் காரணம் என்ற விசாரணை அறிக்கை, இன்னொன்றையும் குறித்தது. மருத்துவர் எழுதித் தராத சர்க்கரை மாத்திரைகளைக் கேப்டன் சாப்பிட்டு வந்தார். அதனால் இரத்தச் சர்க்கரை சற்றுக் குறைந்து யோசனை மந்தப்பட்டிருக்கலாம்.

குடித்திருந்தால் மூச்சுச் சோதனையில் அகப்படும். ரயில் டிரைவர்களுக்கும் அந்தச் சோதனை உண்டு. மாத்திரையையும் தூக்கமின்மையையும் அந்தக் கருவி காட்டாது. விமானியே வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர் எப்படிச் சொல்வார்? நம் பிள்ளைகளில் யாராவது விமானப் பயிற்சிக்குப் போனால், சாதாரண ஜலதோஷ மாத்திரையைக் கூட விமானத்துறை மருத்துவரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அவற்றில் பல தூக்கத்தை வரவழைப்பவை.