அம்பாசிடருக்கு 'இருமலா'? அலட்சியம் வேண்டாம்!

சைலன்சர் ஓட்டையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

திருச்சி,

தெப்பக்குளம் பக்கம் பழைய அம்பாசிடர் ஒன்று 'டப டப'வென்று சத்தம் போட்டுப் போனால், கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் இது சிரிக்கிற சங்கதி அல்ல. உயிர்ச் சங்கதி!

அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. அப்பா காலத்துக் கார் என்று ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு என்றாவது ஒரு நாள் வரும் தலைவலிதான் சைலன்சர்.

உள்ளிருந்தே அரிக்கும்!

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. காலையில் கார் கிளம்பும்போது வால் பைப்பில் சொட்டுகிறதே, அது இதுதான்.

தூரப் பயணம் போனால் சைலன்சர் சூடேறி ஈரம் காய்ந்துவிடும். மலைக்கோட்டையில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இறங்கினால்? நன்றாகச் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடும். தண்ணீர் பெட்டிக்குள்ளேயே தங்கும். புகையில் உள்ள அமிலமும் சேர்ந்து தகரத்தைத் தின்னும்.

"வண்டி அதிகம் ஓடவே இல்லியே, எப்படிங்க ஓட்டை விழுந்துச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதிகம் ஓடாததுதான் காரணம்!

வாசனை இல்லாத விஷம்

சத்தம்கூடப் போகட்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுதான் எமன். அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய காரின் தரைத் தகரத்திலும் துரு ஓட்டை இருந்தால், புகை நேராக உள்ளே வரும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும்போது தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் உடனே வண்டியை நிறுத்தி வெளியே இறங்குங்கள். பின் சீட்டில் குழந்தை தூங்குகிறதா, மயங்கிக் கிடக்கிறதா என்று கவனியுங்கள்!

ஒட்டா? புதுசா?

"அண்ணே, ஒரு ஒட்டுப் போட்டு விடுங்க" என்பதுதான் பட்டறையில் வழக்கமாகக் கேட்கும் குரல். இணைப்பில் மட்டும் புகை கசிந்தால் கேஸ்கட், கிளாம்ப் மாற்றினால் போதும். பைப்பில் சின்ன ஓட்டை என்றால் வெல்டிங் வைக்கலாம். பெட்டியே இற்றுப் போயிருந்தால் ஒட்டு நிற்காது. தட்டிப் பார்த்தால் உள்ளே துரு கலகலக்கும். அப்போது புதுசுதான் வழி.

மாற்றும்போது தொங்கும் ரப்பர்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய ரப்பர் அறுந்தால் புது சைலன்சர் ரோட்டில் உரசும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டாங்க் பின்னால்தான் இருக்கிறது, ஜாக்கிரதை! காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு யாரும் அடியில் படுக்கக்கூடாது.

எப்.சி.யிலும் சிக்கல்

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சைலன்சர் கட்டாயம். 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது உறுமுகிற வண்டியைக் கொண்டுபோனால் திரும்பி வரவேண்டியதுதான்.

சைலன்சருக்கு ஆகும் செலவு ஒரு நாளோடு போகும். உயிர் போனால் எந்தப் பட்டறையிலும் ஸ்பேர் கிடைக்காது!