தைமசுச் சுரப்பிக் கட்டிகள்: சத்திரசிகிச்சைக்குப் பின்னும் தேவைப்படும் கண்காணிப்பு

சுரப்பியும் கட்டியும்

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேற்பகுதியை ஒட்டி அமைந்துள்ள தைமசுச் சுரப்பி, நோயெதிர்ப்புக்கு இன்றியமையாத ‘ரி’ நிணநீர்க் கலங்களைப் பக்குவப்படுத்தும் உறுப்பாகும். பருவமெய்திய பின் அது படிப்படியாகச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடுவதால், அதனால் பயனொன்றுமில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1961இல் ஆய்வாளர் ஜாக் மில்லர் வெளியிட்ட ஆய்வே அதன் பணியைத் தெளிவுபடுத்தியது. இச்சுரப்பியின் மேலணிக் கலங்களில் தோன்றி மெதுவாக வளரும் கட்டி தைமோமா எனப்படும். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஓரிருவருக்கே ஏற்படும் இக்கட்டி, பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தவர்களிடமே காணப்படுகிறது. தைமசுப் புற்றுநோய் இதனினும் அரிது. ஆனால் வேகமாகப் பரவக்கூடியது.

வேலைக் களைப்பாகத் தோன்றும் அறிகுறி

தைமோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச்சோர்வு நோயும் இருக்கும். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியைப் பெறும் வாங்கிகளை உடலின் எதிர்ப்புப் பொருள்களே தாக்குவதால், காலையில் ஓரளவு நன்றாக இயங்கும் தசைகள் வேலை செய்யச் செய்யத் தளர்ந்து, மாலையில் இமை தாழ்ந்து, பார்வை இரட்டையாகி, மெல்லுவதும் விழுங்குவதும் கடினமாகின்றன. இலங்கையின் பதுளை மாவட்டத்துப் பசறை, நமுனுகுல, மடுல்சீமை, அப்புத்தளை மலைகளில் நாள் முழுதும் கையை ஓயாது இயக்கித் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இத்தளர்ச்சி தோன்றினால், அவளும் வீட்டாரும் அதை வேலைக் களைப்பென்றே எண்ணுவது இயல்பு. பறித்த கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) விழும்போதும் அது நோயின் விளைவென்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் உழைப்பால் வரும் களைப்பு இமையை மட்டும் தாழ்த்துவதுமில்லை, பார்வையை இரட்டையாக்குவதுமில்லை. இவ்விரண்டில் ஒன்று காணப்பட்டாலே தோட்ட மருந்தகத்தோடு நின்றுவிடாமல் பதுளை வைத்தியசாலைக்குச் செல்வது அவசியமாகும்.

தசைச்சோர்வு இல்லாதவர்களிடம், தொடர் இருமலுக்காகவோ காசநோய்ச் சந்தேகத்தினாலோ எடுக்கப்படும் மார்பு எக்ஸ்ரே படத்திலேயே இக்கட்டி தற்செயலாகத் தெரியவருவதுண்டு. அதன் பரவலை சி.டி. ஸ்கேன் காட்டும்.

சிகிச்சை

கட்டியை முழுச் சுரப்பியோடும், சுற்றியுள்ள உறை கிழியாமலும் அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. 1936இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பிரட் பிளாலொக் ஓர் இளம்பெண்ணின் தைமசுக் கட்டியை அகற்றியபின் அவளது தசைச்சோர்வு தணிந்தது, இவ்விரு நோய்களுக்கும் உள்ள உறவை உறுதியாக்கியது. முழுமையாக அகற்றக்கூடியதாகத் தெரியும் கட்டியில் ஊசி செலுத்தி மாதிரி எடுப்பது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. உறை துளைக்கப்பட்டால் கலங்கள் மார்பறைக்குள் சிந்தக்கூடும். தசைச்சோர்வு இருப்பின், மூச்சுத் தசைகள் தளர்ந்து ஆபத்து நேராதிருக்க, அதனை முதலில் மருந்தால் கட்டுப்படுத்திய பின்னரே சத்திரசிகிச்சை செய்யப்படும். அண்டிய உறுப்புகளில் ஊடுருவிய கட்டியைச் சிஸ்பிளாட்டின் முதலான மருந்துகளால் முன்கூட்டியே சுருக்குவதும், எச்சம் இருப்பின் பின்னர் கதிர்ச் சிகிச்சை அளிப்பதும் வழக்கம். இலங்கையில் மார்பறைச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பை அண்டிய வெலிசறை தேசிய சுவாச நோய் வைத்தியசாலையும், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலையும் அறியப்பட்டவை; அரச சேவை என்பதால் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

எதிர்கால நிலை

நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானவை, கட்டி எந்த அளவு பரவியுள்ளது என்பதும் அது முழுமையாக அகற்றப்பட்டதா என்பதுமே. 1981இல் மருத்துவர் மசவோக்கா வகுத்த நான்கு நிலைகளில், உறைக்குள் அடங்கிய முதல் நிலையில் முழுமையாக அகற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். நுரையீரலுறை, இதயவுறை ஆகியவற்றில் பரவிய நான்காம் நிலையிலும் தைமசுப் புற்றுநோயிலும் இந்நம்பிக்கை குறைகிறது.

மீண்டும் தோன்றுதல்

முழுமையாக அகற்றப்பட்ட தைமோமாவும் சிலரிடம் மீண்டும் வரலாம். அதுவும் பெரும்பாலும் நுரையீரலுறையில், ஐந்தாண்டுகள் கழித்தும், சிலரிடம் பத்தாண்டுகள் கடந்தும் வரலாம். மற்றப் பல புற்றுநோய்களில் ஐந்தாண்டு கடந்ததும் வரும் நிம்மதி இங்கே பொருந்தாது. மீண்டும் வந்தாலும் அது முடிவல்ல. முழுமையாக அகற்றக்கூடிய நிலையில் கண்டறியப்பட்டால் இரண்டாவது சத்திரசிகிச்சைக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்பவர்கள் பலர். எனவே முதல் ஐந்தாண்டுகள் ஆண்டுதோறும் சி.டி. ஸ்கேன், அதன்பின் கூடிய இடைவெளியில் படப் பரிசோதனைகள் எனக் கண்காணிப்பு பத்தாண்டுகளுக்கு மேலும் நீடிக்க வேண்டும். பரவல் மிகுந்திருந்தவர்களுக்குத் தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் தேவைப்படும்.

நாட்கூலியை நம்பி வாழ்பவருக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாட் சம்பள இழப்பு. பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிற்பாதை மட்டுமே ஏறத்தாழ 290 கிலோமீற்றர். உடல் நலமாகத் தோன்றும்போது அப்பயணத்தைக் கைவிடத் தோன்றுவது புரிந்துகொள்ளத்தக்கதே. பரிசோதனைகளில் இயன்றவற்றைப் பதுளையிலேயே செய்து அறிக்கையை மட்டும் அனுப்ப முடியுமா என்று சிகிச்சை முடியும்போதே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நன்று. கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை வழங்குவது தோட்ட நிர்வாகங்கள் செய்யக்கூடிய உண்மையான உதவியாகும்.

தசைச்சோர்வு உள்ளவர், சாதாரணக் காய்ச்சலுக்குச் செல்லும்போதும் தமது நோயின் பெயரைக் கிளினிக் புத்தகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். ஜென்டாமைசின், சிப்ரோபுளோக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் சில இரத்த அழுத்த மருந்துகளும் தசைத் தளர்ச்சியைத் திடீரெனக் கூட்டி மூச்சுத் திணறலை ஏற்படுத்தக்கூடியவை. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல், இரவாயினும் உடனே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.