பூலுவபட்டியிலிருந்து ஒரு புகார் கொடுத்தால்..?

கோவையிலிருந்து சிறுவாணி போகிற சாலையில் இருக்கிறது பூலுவபட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். பவானிசாகரிலும் ஒரு பெரிய முகாம் உண்டு. போருக்குத் தப்பி வந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்... 'எங்க ஊர்ல நடந்த கொலைக்குக் கோவை கோர்ட்டில் வழக்குப் போட முடியுமா?' என்று அவர்களில் ஒருவர் கேட்டால், சட்டம் என்ன பதில் சொல்லும்?

முதலில், இலங்கையிலேயே நடந்த ஒரு வழக்கு. 2000 டிசம்பர் 19 அன்று, யாழ்ப்பாணம் மாவட்டம் மிருசுவிலில் தாங்கள் விட்டுப்போன வீடுகளைப் பார்க்க வந்தவர்களை ராணுவத்தினர் பிடித்தார்கள். 8 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு குழந்தைக்கு வயது 5. தப்பி ஓடிய ஒருவர் சொன்னதால்தான் விஷயமே வெளியே வந்தது. 2015-ல்தான் தீர்ப்பு. சுனில் ரத்நாயக்க என்ற ராணுவ வீரருக்கு மரண தண்டனை. மற்ற 4 பேர் விடுதலை. 2019-ல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. 2020 மார்ச், கொரோனா நேரம். அதிபர் கோத்தபய ராஜபக்சே மன்னிப்பு வழங்க, ரத்நாயக்க வீட்டுக்குப் போய்விட்டார். அத்தனை வருட வழக்குக்கு ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது!

ஹேக்கில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்? அதன் ஒப்பந்தத்தில் இலங்கை சேரவில்லை. இந்தியாவும்தான்.

ஆனால், நம்மிடம் 1960-ம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் இருக்கிறது. வக்கீல்களே அதிகம் புரட்டாத சட்டம். போரில் சிக்கிய அப்பாவிகளைத் திட்டமிட்டுக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். குற்றம் வெளிநாட்டில் நடந்திருந்தாலும், செய்தவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இங்கே செஷன்ஸ் கோர்ட் விசாரிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் இரண்டு. இந்தச் சட்டம் தண்டிக்கும் குற்றங்கள் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போருக்கானவை. இலங்கையில் நடந்ததோ உள்நாட்டுப் போர். அடுத்து, அரசு தரப்பு புகார் கொடுத்தால்தான் கோர்ட் வழக்கை எடுக்கும். பாதிக்கப்பட்டவர் நேராகப் போய் மனு கொடுக்க முடியாது.

ஜெர்மனியில் கதை வேறு. சிரியாவின் சிறையில் நடந்த சித்ரவதைக்காக அந்நாட்டு முன்னாள் உளவு அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சிரியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள்.

இப்படிப்பட்ட வழக்குகள் நாளை எங்கேயாவது நடந்தால் உதவட்டும் என்று, 2021-ல் ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, இலங்கைப் போர் குறித்த ஆதாரங்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். ராணுவம், புலிகள் என இரு தரப்பின் மீதான குற்றச்சாட்டுகளும் அதில் அடக்கம். தேதி, இடம், பார்த்தது என்ன என்பதெல்லாம் அங்கே தேவைப்படுகிறது. முகாம்களில் அதைச் சொல்லக்கூடிய முதல் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.