பால்மரமும் மாறிவரும் பருவமும்

மாணவர்களே, பால்மரம் சீவுவோர் பொழுது புலருமுன் தோட்டத்திற்குச் செல்வது ஏன்? குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் இலைகளின் வழியே நீர் ஆவியாகிவிடும். அழுத்தம் தளர்ந்து பாலும் குறையும். அடிமரம் மழையில் நனைந்திருந்தாலோ சீவ இயலாது. சீவினாலும் பால் மங்கில் சேராமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். அன்றைய வருமானமும் அதனோடு போகும்.

ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறட்சியில் இம்மரம் இலையுதிர்த்துப் பின் தளிர்க்கின்றது. அவ்வேளையில் ஈரம் மிகுந்தால் சாம்பல் நோய் இளந்தளிரைப் பற்றி உதிர்த்துவிடும்.

கடந்த 150 ஆண்டுகளில் புவியின் சராசரி வெப்பம் 1 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்துள்ளது. இது சிறிதன்று. கடைசிப் பனியூழி முடிந்தபோது ஏறத்தாழ 5 டிகிரி உயர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. காடுகள் விதை பரப்பி, தலைமுறை தலைமுறையாக மெல்ல இடம்பெயர அக்கால அளவு உதவிற்று. இன்று அந்த அவகாசம் இல்லை.

நெல் விதைப்போர் பருவத்திற்குப் பருவம் விதையை மாற்றலாம். பால்மரமோ நட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தே பால் தரும். பின்னர் 20 ஆண்டுகளுக்கு மேலும் அவ்விடத்திலேயே நிற்கும். இன்று நடும் கன்று 2050ஆம் ஆண்டின் வெயிலையும் மழையையும் தாங்கவேண்டும்.

நம் நாட்டுப் பால்மரங்களுள் பெரும்பாலானவற்றின் மூதாதையர் 1876இல் பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதைகளே. நெருங்கிய உறவுடைய மரங்களில் வேறுபாடு குறைவு. ஆகவே 1981இல் அமேசான் காடுகளில் புதிய விதைகள் திரட்டப்பெற்று, மலேசியாவிலும் நடப்பட்டன. வெப்பம் தாங்கும் வகை அவற்றிலிருந்து கிடைக்கக்கூடும். ஆயினும் ஒரு புதிய வகையைத் தேர்ந்து உறுதிசெய்ய 20 ஆண்டுகளுக்கு மேலாகும்.