வெளிர்த் திட்டுகளை வேறுபடுத்தி அறிதலில் வுட் விளக்கின் பயனும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

தோலில் தோன்றும் வெளிர்த் திட்டுகள் பல்வேறு நோய்நிலைகளின் வெளிப்பாடாக அமைகின்றன. பகலொளியில் ஏறத்தாழ ஒன்றுபோலக் காணப்படும் இத்திட்டுகளை வேறுபடுத்தி அறிவதற்கு, நெட்டலைப் புற ஊதாக் கதிரை உமிழும் வுட் விளக்கு தோல் மருத்துவத்தில் பயன்படுகிறது. இவ்விளக்கின் தோற்றம், அது செயல்படும் நெறி, வெண்புள்ளி, தேமல், தொழுநோய் ஆகியவற்றில் அது தரும் தகவல், தர இயலாத தகவல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நிறமி முற்றாக இழக்கப்பட்டுள்ளதா, ஓரளவே குறைந்துள்ளதா என்பதை இவ்விளக்கு காட்டும். திட்டில் உணர்ச்சி உள்ளதா என்பதைக் காட்டாது. ஆகவே, தொழுநோய் இல்லை என முடிவுசெய்வதற்கு இவ்விளக்கை மட்டும் சார்ந்திருத்தல் கூடாது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: புற ஊதாக் கதிர், வுட் விளக்கு, உடனொளிர்வு, மெலனின், வெண்புள்ளி, தேமல், தொழுநோய்.

முன்னுரை

மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் மெலனின் என்னும் நிறமியால் அமைகிறது. இந்நிறமி ஓரிடத்தில் குறைந்தாலும், முற்றாக இல்லாமற் போனாலும் அவ்விடம் சுற்றியுள்ள தோலைவிட வெளிறித் தோன்றும். கருமையும் மாநிறமும் உடைய தோலில் இம்மாற்றம் விரைவில் பிறர் கண்ணில் படும். தமிழ்ச் சமூகத்தில் இதனைப் பற்றிய அச்சம் சொல்லிலேயே பதிந்திருந்தது. நிறமி உயிரணுக்கள் அழிவதால் தோன்றும், பிறருக்குத் தொற்றாத ஒரு நிலை நெடுங்காலம் ‘வெண்குட்டம்’ என அழைக்கப்பட்டது. ‘குட்டம்’ என்பதோ தொழுநோயைச் சுட்டும் சொல். தொடர்பற்ற இரு நோய்நிலைகள் ஒரே சொல்லால் பிணைக்கப்பட்டமையின் விளைவு இருமுனைப்பட்டது. ஒருபுறம், வெண்திட்டு உடையோர் தொற்றுநோயாளராகக் கருதப்பட்டுத் திருமணத்திலும் பணியிடத்திலும் ஒதுக்கப்பட்டனர். மறுபுறம், தொழுநோயின் தொடக்கத் திட்டு உடையோர் அவ்விழிவுக்கு அஞ்சி அதனை மறைக்க முற்பட்டனர்.

விழிப்புணர்வு முயற்சிகளின் பயனாக ‘வெண்புள்ளி’ என்னும் சொல் இன்று பரவலாகியுள்ளது. தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றுள்ளது. சொல்லளவில் இரண்டும் பிரிக்கப்பட்டுவிட்டன. எனினும், ஒருவர் உடலில் உள்ள குறிப்பிட்ட திட்டு எந்நோயைச் சார்ந்தது என்னும் வினா ஒவ்வொரு முறையும் புதிதாகவே எழுகிறது. அவ்வினாவுக்கு விடைகாணும் எளிய கருவிகளுள் ஒன்று வுட் விளக்கு.

1. விளக்கின் தோற்றம்

கட்புலனாகும் ஒளியின் ஊதா எல்லைக்கு அப்பாலும் கதிர்கள் உள்ளன என்பதை 1801இல் செர்மானிய அறிவியலாளர் யோகான் வில்கெல்ம் ரிட்டர் கண்டறிந்தார். சில பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத இக்கதிர்களை உட்கவர்ந்து, அவற்றைவிட அலைநீளம் மிகுந்த, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உமிழ்கின்றன என்பதை 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் விளக்கினார். கதிர் படும்போது உடனே தோன்றி, கதிர் நின்றதும் மறையும் இவ்வொளிர்வு ‘உடனொளிர்வு’ எனப்படும்.

இந்நிகழ்வைக் காண்பதற்கு ஒரு தடை இருந்தது. புற ஊதாக் கதிரை உமிழும் விளக்குகள் கட்புல ஒளியையும் சேர்த்தே உமிழ்ந்தன. அவ்வொளியின் முன் மெல்லிய உடனொளிர்வு புலப்படவில்லை. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 1903இல் உருவாக்கிய வடிகட்டிக் கண்ணாடி இத்தடையை நீக்கியது. நிக்கல் ஆக்சைடு கலந்த பேரியம் சிலிகேட்டால் ஆன இக்கண்ணாடி, கட்புல ஒளியைப் பெரும்பாலும் தடுத்து, நெட்டலைப் புற ஊதாக் கதிரை மட்டும் வெளியே விடும். தொடக்கத்தில் மருத்துவத்தோடு இதற்குத் தொடர்பில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் மறைகுறிப்புகளை அனுப்புவதற்கு இது கருதப்பட்டது. 1925இல் மார்கரோ, தெவேஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் தலைமுடியில் பூஞ்சைத் தொற்றைக் கண்டறிய இதனைப் பயன்படுத்தினர். அதன்பின் இவ்விளக்கு தோல் மருத்துவரின் மேசையில் நிலைத்த இடம் பெற்றது.

2. செயல்படும் நெறி

வுட் விளக்கு 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் உடைய கதிர்களை உமிழ்கிறது. அவற்றுள் 365 நானோமீட்டர் அளவிலான கதிரே மிகுதி. இக்கதிர் தோலில் படும்போது இரு பொருள்கள் முதன்மையாக வினைபுரிகின்றன. ஒன்று, மேல்தோலில் உள்ள மெலனின். இது கதிரை உட்கவர்ந்துகொள்ளும். மற்றொன்று, அடித்தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரதம். இது தன்னை வந்தடையும் கதிரால் தூண்டப்பட்டு நீலநிற ஒளியை உமிழும்.

மெலனின் உள்ள தோலில் கதிரின் பெரும்பகுதி மேலேயே தடுக்கப்படுகிறது. கீழிருந்து வரும் சிறிதளவு ஒளியும் மீண்டும் மெலனினால் குறைக்கப்படுகிறது. எனவே இயல்பான தோல் இருண்டே தோன்றும். மெலனின் அறவே இல்லாத இடத்திலோ கதிர் தடையின்றி அடித்தோலை அடைகிறது. கொலாஜனின் ஒளியும் தடையின்றி வெளிவருகிறது. அவ்விடம் நீலங்கலந்த வெண்மையாகப் பளிச்சிடும். சன்னலின் திரை விலகும்போது உள்ளிருக்கும் விளக்கொளி தெருவில் விழுவதோடு இதனை ஒப்பிடலாம். இங்குத் திரை மெலனின், விளக்கு கொலாஜன்.

இதனால், பகலொளியில் சிறிதளவே தெரியும் நிறவேறுபாடு விளக்கின் கீழ் பன்மடங்காகிறது. திட்டின் விளிம்பு கூர்மையாகிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு திட்டுகளும் புலப்படுகின்றன. நுண்ணுயிரிகள் உண்டாக்கும் சில வேதிப்பொருள்களும் தமக்குரிய நிறத்தில் ஒளிர்வதால், தொற்றுகளை அறியவும் இவ்விளக்கு துணைபுரிகிறது.

3. வெளிர்த் திட்டுகளை வேறுபடுத்தல்

3.1 வெண்புள்ளி

வெண்புள்ளியில் மெலனினை உண்டாக்கும் உயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உயிரணுக்களையே தாக்குவது இதற்கு முதன்மைக் காரணம். இங்கு நிறமியிழப்பு முழுமையானதாகையால், விளக்கின் கீழ் திட்டு நீலவெண்மையாகப் பளிச்சிடும். திட்டு உண்மையில் எதுவரை பரவியுள்ளது, புதிய திட்டுகள் தோன்றுகின்றனவா, மருத்துவத்தால் முடிக்கண்களைச் சுற்றி நிறம் மீள்கிறதா ஆகிய வினாக்களுக்கும் விளக்கு விடைதரும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் தகும். வெண்புள்ளிக்கு மருத்துவமாக அளிக்கப்படும் புற ஊதாக் கதிர் 311 நானோமீட்டர் அளவிலானது. அது வேறு கருவியிலிருந்து, அளந்து செலுத்தப்படுவது. வுட் விளக்கு காண்பதற்கு மட்டுமே உரியது. அதன் ஒளியில் திட்டைக் காட்டுவதால் நிறம் மீளாது.

3.2 தேமலும் குழந்தைகளின் வெளிர்த் திட்டும்

தேமல், மலசேசியா என்னும் பூஞ்சையால் உண்டாவது. வியர்வை மிகுந்த வெப்பநிலப் பகுதிகளில் மார்பு, முதுகு, கழுத்து ஆகிய இடங்களில் மிகுதியாகத் தோன்றும். இதில் நிறமி குறையுமே தவிர முற்றாக அழிவதில்லை. விளக்கின் கீழ் இது மஞ்சள் அல்லது பொன்னிறச் சாயலுடன் ஒளிர்வதுண்டு. எனினும் எல்லாத் தேமலும் ஒளிர்வதில்லை; அண்மையில் குளித்திருந்தாலும் ஒளிர்வு காணப்படாமற் போகலாம். தோற்செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் காண்பதே உறுதியான சோதனை.

குழந்தைகளின் கன்னத்தில் தோன்றும் மங்கிய வெளிர்த் திட்டுக்கு வயிற்றுப் பூச்சியே காரணம் என்னும் நம்பிக்கை மக்களிடையே உண்டு. பெரும்பாலும் இது தோலின் வறட்சியோடும் ஒவ்வாமை இயல்போடும் தொடர்புடைய மெல்லிய அழற்சியின் விளைவே. இதில் நிறமி சிறிதளவே குறைவதால், விளக்கின் கீழ் திட்டு சற்று வெளிறித் தோன்றுமேயன்றி நீலவெண்மையாகப் பளிச்சிடாது. வெண்புள்ளியோ என்று அஞ்சி வரும் பெற்றோருக்கு இவ்வேறுபாடு பெரும் ஆறுதல் அளிக்கும்.

3.3 தொழுநோய்

தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873இல் கண்டறிந்தார். இந்நுண்ணுயிரி தோலையும் புற நரம்புகளையும் தாக்குகிறது. இதன் திட்டில் நிறமி குறையும். பொதுவாக முற்றாக இழக்கப்படுவதில்லை. ஆகவே, விளக்கின் கீழ் பால்போல் பளிச்சிடும் திட்டு வெண்புள்ளியாகவே இருக்கும் வாய்ப்பு மிகுதி. இது விளக்கு தரும் பயனுள்ள தகவல்.

ஆனால் இதன் மறுதலை உண்மையன்று. பளிச்சிடாத வெளிர்த் திட்டு தேமலாக இருக்கலாம், குழந்தைகளின் அழற்சித் திட்டாக இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம். தொழுநோய்க்கே உரிய ஒளிர்வு என ஒன்று இல்லை. இம்மூன்றையும் பிரிப்பது ஒளி அன்று, உணர்ச்சி. திட்டில் தொடுவுணர்வோ வெப்பவுணர்வோ இழக்கப்பட்டிருத்தல், புற நரம்பு தடித்திருத்தல், தோற்கீறல் சோதனையில் நுண்ணுயிரி காணப்படுதல் ஆகிய மூன்றே தொழுநோயின் தலையாய அடையாளங்கள். நோயாளியைக் கண்களை மூடச் செய்து, பஞ்சு நுனியால் திட்டைத் தொட்டு, தொடும் இடத்தைச் சுட்டச் சொல்லும் சோதனைக்கு விளக்கும் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. முகத்தில் நரம்புகள் செறிந்திருப்பதால் அங்குள்ள திட்டில் உணர்விழப்பு தெளிவாகத் தெரியாமற் போகலாம். அந்நிலையில் தொடர் கண்காணிப்பும் தோல்திசுச் சோதனையும் இன்றியமையாதன.

இவ்வரம்பை உணராமையின் விலை பெரிது. கூட்டு மருந்து மருத்துவத்தால் தொழுநோய் முழுமையாகக் குணமாகும். 1995 முதல் உலக நலவாழ்வு அமைப்பின் வழியாக இம்மருந்துகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. ஆனால் காலந்தாழ்த்தியமையால் சிதைந்த நரம்பை மருந்து மீட்டுத் தராது. ‘விளக்கில் ஒன்றும் தெரியவில்லை’ என்னும் சொல் ‘நோய் ஒன்றும் இல்லை’ எனப் பொருள்கொள்ளப்பட்டால், அத்தாழ்வு கைவிரல் மடங்குதலிலும் பாதப் புண்ணிலும் முடியக்கூடும்.

4. தொற்றுகளில் ஒளிர்வும் ஒளிராமையும்

ஒளிராமை நோயின்மைக்குச் சான்றாகாது என்பதற்குத் தலைமுடிப் பூஞ்சை தெளிவான எடுத்துக்காட்டு. மைக்ரோஸ்போரம் கேனிஸ் போன்ற பூஞ்சைகள் தொற்றிய முடி பச்சை நிறத்தில் ஒளிரும். இந்தியாவின் பல பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் டிரைகோஃபைட்டான் வயலேசியம் முடியின் உள்ளே வளர்வது. அது அவ்வாறு ஒளிர்வதில்லை. ஒரு நாட்டில் சிறந்த பயன் தந்த சோதனை, நோய்க்காரணி மாறிய மற்றொரு நாட்டில் அதே பயனைத் தராது என்பதை இது உணர்த்துகிறது.

தொடையிடுக்கிலும் அக்குளிலும் தோன்றும் எரித்ராஸ்மா என்னும் நுண்ணுயிரித் தொற்று, படர்தாமரை எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. இந்நுண்ணுயிரி உண்டாக்கும் போர்பைரின் பவளச் சிவப்பாக ஒளிர்வதால் இரண்டையும் எளிதில் பிரிக்கலாம். ஆயினும் போர்பைரின் நீரில் கரைவதால், குளித்துவிட்டு வரும் நோயாளியிடம் இவ்வொளிர்வு மறைந்திருக்கலாம்.

5. சோதனை முறையும் பிழைகளும்

சோதனை முழு இருட்டறையில் நிகழ வேண்டும். பழைய வகை விளக்கை ஏறத்தாழ ஒரு நிமிடம் எரியவிட்டு, மருத்துவரின் கண் இருளுக்குப் பழகிய பின்னர், தோலிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தொலைவில் பிடித்துக் காண வேண்டும். விளக்கை நேரே உற்றுநோக்குதல் கூடாது.

தோலில் தடவியுள்ள பொருள்களும் ஒளிரும். சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு பச்சையாகவும், வாசலின் போன்றவை நீலச் சாயலாகவும், துணியின் நூலிழைகள் வெண்மையாகவும் தோன்றி மயக்கம் விளைவிக்கும். இன்று மலிவாகக் கிடைக்கும் புற ஊதாக் கைவிளக்குகள் பல 395 நானோமீட்டர் அளவிலானவை. அவற்றிலிருந்து ஊதா ஒளியும் கசிவதால் மெல்லிய உடனொளிர்வு மறைந்துவிடும்.

தோலின் நிறமும் முடிவைப் பாதிக்கிறது. மங்கு என வழங்கும் முகக் கருந்திட்டில் நிறமி மேல்தோலில் உள்ளதா, அடித்தோலில் உள்ளதா என அறிய இவ்விளக்கு பயன்படுவதுண்டு. ஆனால் கருமை மிகுந்த தோலில் அவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுவதில்லை. வெளிர்நிறத் தோலைக் கொண்டு வகுக்கப்பட்ட விளக்கங்களைத் தென்னிந்தியத் தோலுக்கு அப்படியே பொருத்துதல் பொருந்தாது.

முடிவுரை

வுட் விளக்கு விலை குறைந்தது, வலியற்றது, சில நிமிடங்களில் தகவல் தருவது. நிறமி முற்றாக இழக்கப்பட்ட திட்டையும் குறைந்த திட்டையும் பிரித்துக் காட்டுவதன் வழி, வெண்புள்ளியைப் பிற வெளிர்த் திட்டுகளிலிருந்து வேறுபடுத்த அது துணைசெய்கிறது. அதேவேளை, பளிச்சிடாத திட்டின்முன் அது விடைதராது நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் உணர்ச்சிச் சோதனை, நரம்புச் சோதனை, நுண்ணோக்கிச் சோதனை ஆகியன தொடர வேண்டும். ‘வெண்குட்டம்’ என்னும் சொல் ஒன்றெனக் காட்டிய இரு நோய்நிலைகளையும் நோயாளியின் உடலில் பிரித்தறிவதற்கு ஒளியும் தொடுகையும் ஒருங்கே தேவைப்படுகின்றன. அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இவ்விளக்கு பயன்படுத்தப்படும் இடங்களில், உணர்ச்சிச் சோதனையையும் அதனுடன் இணைந்த கட்டாயப் படியாகப் பயிற்றுவித்தல் நலம் பயக்கும்.