நின்று திரும்பிப் பார்த்தவர்

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியதிலிருந்து ஓசூர் மக்களின் நாள் ஷிப்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. 1984இல் உருவான டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்ததும் இவ்வூரிலேயே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் அவசரம் எல்லாருக்கும் பொதுவாயிருக்கிறது.

திருப்பணியாளரும் இதற்கு விலக்கல்லர். சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் நடைபெற்ற வீட்டு ஜெபக்கூட்டத்தின் முடிவில், இரவு ஷிப்டு முடித்து உறங்காமல் வந்திருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், "ஐயா, ஒரு காரியம் பேச வேண்டும்" என்றார். அடுத்த கூட்டத்தை எண்ணி நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். "பரவாயில்லை ஐயா, பிறகு பேசுகிறேன்" என்று விலகிக்கொண்டார். மறுவாரம் விசாரித்தபோது, அவர் வேலையிழந்து குடும்பத்தோடு சொந்த ஊர் திரும்பிவிட்டார் என அறிந்தோம். நம் அலுவல் அவருடைய துயரத்தினும் பெரிதென்று எண்ணியிருந்தோம். நம்மிடம் குறைவுபட்டது தாழ்மையே.

மாற்கு 5:21-43 பகுதியை இந்நோக்கில் வாசிப்போமாக. யவீருவின் மகள் மரணத் தறுவாயில் இருக்கிறாள். விரைந்து செல்லவேண்டிய அவ்வழியில் ஆண்டவர் நின்று, தம்மைத் தொட்டவர் யாரென்று திரும்பிப் பார்க்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய அப்பெண் ஏற்கெனவே சுகம் பெற்றுவிட்டாள். எனவே அவர் நின்றது குணமாக்குவதற்கன்று. அவள் உண்மை முழுவதையும் சொல்லக் கேட்டு, அவளை மகளே என அழைப்பதற்கே. அதற்குள் சிறுமியின் மரணச் செய்தி வருகிறது. ஆயினும் அவர் யவீருவைக் கைவிடவில்லை. உடன் சென்று சிறுமியை எழுப்புகிறார். ஆகவே நிற்பது கடமையைத் துறப்பதாகாது.

தாய்லாந்தில் அருட்பணியாற்றிய ஜப்பானிய இறையியலாளர் கொசுகே கோயாமா 1979இல் வெளியிட்ட தம் நூலுக்கு, 'மணிக்கு மூன்று மைல் செல்லும் கடவுள்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டார். அது மனிதன் நடக்கும் வேகம். அன்பின் வேகமும் அதுவே என்பது அவர் கருத்து. பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மைத் தாழ்த்தினார் எனப் பவுல் கூறுவது, அவர் நம் நடைக்கு இறங்கி வந்ததையும் உள்ளடக்குமன்றோ?

இரவில் உறங்குமுன் நம்மையே சோதித்துப் பார்ப்போம். இன்று யாருடைய பேச்சை இடைமறித்தோம்? யாரைக் காணாமல் கடந்தோம்? நம் விரைவு பிறர் தேவைக்காகவா, நம் பெருமைக்காகவா? நாளைய சந்திப்புகளில் ஒரு வீடு குறையலாம். செல்லும் வீட்டில், பேசுகிறவர் பேசி முடிக்குமட்டும் அமர்ந்திருப்போமாக.