நாளைய தொழிலுக்கு இன்றே திட்டமிடுவோம்

ஐந்தாம் படிவம் முடித்த மாணவர் ஒருவரிடம், “அடுத்து என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். “ரிசல்ட் வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். கமுந்திங்கில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ரிசல்ட் வரும்வரை தொழிற்பேட்டையில் வேலை! சில மாதங்களுக்கு என்று போகிறவர் முதல் சம்பளத்தில் கைப்பேசி வாங்குகிறார். அடுத்து மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்குகிறார். ரிசல்ட் வரும்போது தவணை பாக்கி இருக்கிறது. விண்ணப்பத் தேதியோ முடிந்துவிட்டது.

தொழிற்சாலை வேலை இழிவானதன்று. நம் வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால், அந்த வேலை நாம் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். தேதி தவறியதால் வந்து சேர்ந்ததாக இருக்கக்கூடாது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை. விடியற்காலையில் பெரட்டு, பிறகு பால்மரம். அப்பா செய்த வேலையே மகனுக்கும் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது பட்டணம் வந்தவர்களில் பலர் கையில் வேறு தொழிலுக்கான சான்றிதழ் எதுவும் இல்லை. ஈயத்தின் கதையும் அப்படித்தான். 1874ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தத்திற்கு முன் கமுந்திங்கின் பெயர் கிளியான் பாரு, அதாவது புதிய சுரங்கம். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்ததும் பேராக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலை கைவிட்டுப் போகலாம். கற்ற திறனும் சான்றிதழும் நம்மோடு வரும். ஆகவே, திட்டமிடுதல் என்பது ஒரு வேலையின் பெயரைச் சொல்வது மட்டுமன்று. மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவதாகும்.

முதல் கேள்வி: எந்தப் பாடம்? நான்காம் படிவத்திலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பொறியியலுக்குக் கூடுதல் கணிதமும் பௌதிகமும் வேண்டும். மருத்துவத்திற்கு வேதியியலும் உயிரியலும் வேண்டும். 2020 முதல் அறிவியல், கலை என்ற பிரிவுகள் நீங்கி, பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம் என்பது நன்மையே. ஆனால், நண்பன் எடுக்கிறான் என்பதற்காக எடுத்தால், பின்னர் வேண்டிய கதவு பூட்டியிருக்கும். மலாய்மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. தவறியவர்களுக்கு மறுதேர்வு உண்டு. அதோடு எல்லாம் முடிந்தது என்று ஒதுங்கிவிடத் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி: எந்தச் சான்றிதழ்? மெட்ரிகுலேஷன் விரைவான வழி; 10 ஏ பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் வழங்கப்படும் என 2024இல் அரசு அறிவித்தது. அது கிடைக்காதவர்கள் ஆறாம் படிவத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். மூன்று தவணைகளில் முடியும் எஸ்.டி.பி.எம்., செலவு குறைந்தது, பல்கலைக்கழகத்திற்கு நேர்வழி. டிப்ளோமா விரும்புவோருக்குப் பாலிடெக்னிக்குகள் உள்ளன. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969இல் நம் ஈப்போவில்தான் தொடங்கப்பட்டது.

கைத்தொழிலில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தொழில்திறன் சான்றிதழ்கள் உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் இவை ஐந்து நிலைகளாக அமைந்துள்ளன. முதல் மூன்றும் எஸ்.கே.எம்.; நான்காவது டிப்ளோமா; ஐந்தாவது உயர் டிப்ளோமா. ஒரே தொழிற்சாலையில் பொருள்களை அடுக்குபவரும் இருக்கிறார். இயந்திரம் பழுதானால் சரிசெய்பவரும் இருக்கிறார். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் இந்தச் சான்றிதழ்தான். ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டவர்களும் மனம் தளர வேண்டாம். எஸ்.எல்.டி.என். திட்டத்தில் வேலை செய்துகொண்டே பயிலலாம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் அதனை ஆதாரங்களோடு காட்டி, பி.பி.தி. எனப்படும் முன்னனுபவ அங்கீகாரத்தின்வழி எஸ்.கே.எம். பெறலாம்.

மூன்றாவது கேள்வி: எந்தத் தேதி, எவ்வளவு பணம்? உயர்கல்விக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் ரிசல்ட்டுக்கு முன்பே திறந்துவிடும். தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தனியார் கல்லூரிக்குப் போகிறவர்கள், அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேட்டில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டடத்தின் அழகையும் விளம்பரத் தாளையும் நம்பிப் பணம் கட்டக்கூடாது. பி.டி.பி.டி.என். தருவது கடன் என்பதையும், படித்து முடித்தபின் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது நல்லது.

திட்டமிடுதல் நமக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அவர்களுக்குப் பள்ளிப் படிப்பு குறைவு. ஆனால், நாளையைப் பற்றிய கணக்கு இருந்தது.

பல்கலைக்கழக நண்பர்களே, நமக்கு ஒரு கடமை இருக்கிறது. விண்ணப்பம் செய்வது எப்படி என்று தெரியாமலேயே வழி தவறியவர்கள் நம் தாமானில் உண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, பக்கத்து வீட்டில் மூன்றாம் படிவம் படிக்கும் தம்பியையோ தங்கையையோ அழைத்து, ஒரு தாளில் இந்த மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுங்கள். விடைகளைத் தேடும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் போதும். அதில் ஒரு குடும்பத்தின் பாதையே மாறக்கூடும்.